பள்ளிக்கு எதிரே ஒரு பெட்ரோல் நிலையம்: லிட்டில் ராக் 'மக்னோலியா' நிலையத்தின் வரலாறு

உள்ளூர் வரலாறு எழுதப் புகுவோர் நம் நாட்டில் பெரும்பாலும் கோயில், தமிழ்ப்பள்ளி, தோட்டம், சங்கம் ஆகியவற்றையே ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர். அவற்றுக்கு ஆவணங்கள் உண்டு. கூட்டக் குறிப்புகள் உண்டு. நினைவு மலர்கள் உண்டு. சாலையோரக் கட்டடங்களுக்கு இவை எவையும் இல்லை. பேருந்து நிறுத்தம், ஒட்டுக்கடை, பெட்ரோல் நிலையம் போன்றவை நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து செல்லும் இடங்களாயினும், இடிக்கப்படும்பொழுது எவரும் அவற்றைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதில்லை. அத்தகைய கட்டடம் ஒன்று வரலாற்றுச் சான்றாக மாறிய நிகழ்வை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. எடுத்துக்கொண்ட சான்று, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில், சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு மூலைக்கு மூலை எதிராக அமைந்துள்ள 'மக்னோலியா' பெட்ரோல் நிலையமாகும்.

முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழகத்தில் 'பெட்ரோல் பங்க்' என்பர். மலேசியத் தமிழர் 'எண்ணெய் நிலையம்' என்றும் 'பெட்ரோல் நிலையம்' என்றும் வழங்குவர். வண்டிக்கு 'எண்ணெய் ஊற்றுதல்' என்பது நம் பேச்சு வழக்கு. கலைச்சொல்லாக்கத்தார் 'கன்னெய்' என்றொரு சொல்லைத் தந்திருப்பினும் அது அகராதியை விட்டு வெளியே வரவில்லை. மக்கள் வழங்கும் சொல்லே இக்கட்டுரையிலும் ஆளப்படுகிறது.

நிலையம் தோன்றிய வரலாறு

மோட்டார் வண்டி முதலில் வந்தது. அதற்கு எரிபொருள் விற்கும் இடம் பின்னரே வந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் மகன்கள் இருவருடன் கணவர் உருவாக்கிய வண்டியில் நெடும்பயணம் மேற்கொண்டபொழுது, வீஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். துணியிலுள்ள கறையை நீக்க விற்கப்பட்ட திரவம் அது. அதனைக் கொண்டே அம்மருந்துக்கடை 'உலகின் முதல் பெட்ரோல் நிலையம்' எனப் பெருமை பேசி வருகிறது. பெருமை சற்று மிகையே. எனினும் அக்காலத்து நிலைமையை அது சரியாகவே காட்டுகிறது. மருந்துக்கடை, இரும்புச் சாமான் கடை, மளிகைக்கடை ஆகியவற்றில் தகரக் குவளையில் அளந்து, புனல் வழியாக வண்டிக்குள் ஊற்றுவதே வழக்கமாக இருந்தது.

அமெரிக்காவில் சில்வேனஸ் பவுசர் என்பார் 1885இல் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றும் குழாய்ப்பொறி ஒன்றை உருவாக்கினார். 1905 அளவில் அது பெட்ரோலுக்கேற்ப மாற்றப்பட்டது. 1913 டிசம்பர் 1ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் நிறுவனம் திறந்த நிலையமே, வண்டியை உள்ளே ஓட்டிச் சென்று எரிபொருள் நிரப்பிக்கொள்வதற்கெனத் திட்டமிட்டுக் கட்டப்பட்டவற்றுள் முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

அடுத்த பத்தாண்டில் நிலையங்கள் நகர வீதிகளிலிருந்து குடியிருப்புப் பகுதிகளுக்குள் புகுந்தன. நாற்றமும் தீயச்சமும் காட்டி வீட்டுக்காரர்கள் எதிர்த்தனர். நிறுவனங்கள் அதற்குக் கண்ட தீர்வு கட்டடக்கலை சார்ந்தது. நிலையத்தையே ஒரு சிறு வீடு போலக் கட்டினர். ஓட்டுக்கூரை, சாந்து பூசிய சுவர், சிறு சாளரம், முன்புறம் வண்டி நிற்க ஒரு தாழ்வாரம் எனப் பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போகும் தோற்றத்தை அளித்தனர். லிட்டில் ராக் நிலையம் அம்மரபில் வந்ததே. அது இத்தகைய சிறு கட்டடமாக இருந்தமையால்தான் வீடுகள் சூழ்ந்த ஒரு பள்ளியின் எதிர்மூலையில் இடம் பெற முடிந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

மக்னோலியா பெட்ரோலிய நிறுவனம் 1911இல் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கப்பெற்றது. 1925இல் நியூயார்க் ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனம் அதனை முழுமையாகத் தன்வயப்படுத்தியது. தாய் நிறுவனமே பல இணைப்புகளுக்குப்பின் 'மொபில்' ஆயிற்று. 1959இல் மக்னோலியா என்னும் தனிப்பெயரும் மறைந்தது. சிறகு விரித்த சிவப்புக் குதிரையே இவற்றின் பொதுச் சின்னம். நம் வாசகர்களுக்கும் அது புதிதன்று. 2012இல் எஸ்ஸோ, மொபில் நிலையங்கள் கைமாறிப் பின் 'பெட்ரோன்' எனப் பெயர் மாறும்வரை, மொபில் பெயர்ப்பலகை மலேசியச் சாலைகளிலும் நின்றதே. ஒரு நிலையத்தின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுதான். கட்டடம் அங்கேயே நிற்கும். பெயர்ப்பலகை மட்டும் மாறிக்கொண்டேயிருக்கும். பலகை மாறியதும் ஊராரின் நினைவும் உடன் மாறிவிடுகிறது.

பெட்ரோல் நிலையமும் நிறப்பாகுபாடும்

1957இன் நிகழ்வுகளுக்குச் செல்லுமுன், அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெட்ரோல் நிலையம் எத்தகைய இடமாக இருந்தது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். நிலையத்தில் கறுப்பினத்தவரின் பணத்தை வாங்கிக்கொண்டு எரிபொருள் ஊற்றுவர். ஆனால், அவர் கழிவறைக்குச் செல்லக் கேட்டால் மறுப்பர். குடிநீர்க் குழாய்க்கும் அதே நிலை. நெடுந்தொலைவுப் பயணத்தில் குழந்தைகளோடு செல்லும் குடும்பம் எங்கு நிற்கலாம், எங்கு நிற்கக்கூடாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் உயிருக்கும் மானத்திற்கும் உரிய தேவையாக இருந்தது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், 1936 முதல் வெளியிட்டு வந்த பயணக் கையேடு இத்தேவையிலிருந்தே பிறந்தது. அவர் பெயராலேயே அது 'கிரீன் புக்' என வழங்கலாயிற்று. கறுப்பினப் பயணியரை ஏற்கும் விடுதி, உணவகம், பழுதுபார்க்கும் பட்டறை, பெட்ரோல் நிலையம் ஆகியவற்றின் முகவரிகள் ஊர்வாரியாக அதில் இடம்பெற்றன. எஸ்ஸோ நிலையங்களில் அக்கையேடு விற்கப்பட்டதும், அந்நிறுவனம் கறுப்பினத்தவருக்கும் நிலைய உரிமம் வழங்கியதும் குறிப்பிடத்தக்கவை. வணிக நோக்கம் அதில் இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், மற்றவர் மூடி வைத்திருந்த கதவை வணிக நோக்கமேனும் திறந்தது என்பதை வரலாற்றாளர் பதிவு செய்தே ஆக வேண்டும்.

1952இல் மிசிசிப்பி மாநிலத்தில் மருத்துவர் டி. ஆர். எம். ஹோவர்டு தலைமையிலான நீக்ரோ தலைமைத்துவ வட்டாரப் பேரவை ஒரு புறக்கணிப்பு இயக்கத்தை நடத்தியது. கழிவறை மறுக்கப்படும் நிலையத்தில் பெட்ரோல் வாங்காதீர் என்பதே அவ்வியக்கத்தின் முழக்கம். வண்டிகளின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளச் சிறு ஒட்டுத்தாள்கள் அச்சிடப்பட்டன. அவற்றைப் பரப்பியவர்களுள் ஒருவர், 1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸ். புறக்கணிப்பு ஓரளவு பயன் தந்தது. பல நிலையங்கள் கறுப்பினத்தவருக்கெனத் தனிக் கழிவறை கட்டின. அதாவது, வசதி கிடைத்தது. பாகுபாடு அப்படியே இருந்தது. அப்பாகுபாட்டைச் சட்டம் நீக்கியது 1964இல்தான். அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம், பாகுபாடு காட்டலாகாத பொது இடங்களை வரிசைப்படுத்தும்பொழுது விடுதி, உணவகம், திரையரங்கு ஆகியவற்றோடு பெட்ரோல் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. சட்டம் இயற்றுவோர் ஒரு கட்டட வகையைப் பெயர் சுட்டிக் குறிப்பிட நேர்ந்தது எனின், அங்கு நிகழ்ந்த அவமதிப்பின் அளவை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1957 செப்டம்பர்

லிட்டில் ராக் உயர்நிலைப் பள்ளி 1927இல் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் செலவில் கட்டப்பெற்றது. அக்காலத்தில் அமெரிக்காவின் மிக அழகிய உயர்நிலைப் பள்ளிகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. அது வெள்ளையின மாணவர்க்கு மட்டுமே உரியது. கறுப்பின மாணவர்க்கு 1929இல் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் பெயரில் வேறொரு பள்ளி எழுப்பப்பட்டது. 1954 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அதன்படி லிட்டில் ராக் கல்வி வாரியம் படிப்படியான ஒருங்கிணைப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்ட்ரல் பள்ளியில் சேர்வது அதன் முதற்படி.

பள்ளி திறக்கும் தறுவாயில் மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ், அமைதி காத்தல் என்னும் பெயரில் மாநிலத் தேசியக் காவற்படையை வரவழைத்துப் பள்ளியைச் சூழ நிறுத்தினார். செப்டம்பர் 4ஆம் நாள் ஒன்பதின்மரும் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டனர். அன்று பதினைந்து வயது எலிசபெத் எக்ஃபோர்டு மட்டும் தனியே வந்து கூட்டத்திடம் சிக்கிக்கொண்டார். மாணவர்கள் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து செல்லலாம் என்னும் ஏற்பாட்டை, அவர்களுக்குத் துணை நின்ற டெய்சி பேட்ஸ் அம்மையார் முந்திய இரவில்தான் செய்தார். மற்றவர்க்குச் செய்தி சென்றது. எக்ஃபோர்டு வீட்டில் தொலைபேசி இல்லை. ஆகவே, அவர் தாமே தைத்த வெள்ளை ஆடையணிந்து, தனியே பேருந்தில் வந்திறங்கிப் பள்ளியை நோக்கி நடந்தார். காவற்படையினர் வழிமறித்தனர். வசைகூறித் தொடர்ந்த கூட்டத்தின் முன்னே அவர் பார்க் வீதி வழியே நடந்து, மறுமுனையிலிருந்த பேருந்து நிறுத்தத்தை அடைந்தார். அங்கிருந்த மருந்துக்கடைக்குள் புக முயன்றபொழுது கதவு தாழிடப்பட்டிருந்தது. அவர் நடந்து செல்ல, பின்னால் ஒரு வெள்ளையினப் பெண் வாய்திறந்து கத்தும் காட்சியை வில் கவுன்ட்ஸ் என்னும் உள்ளூர் ஒளிப்படக்காரர் படமெடுத்தார். அப்படத்தை இன்று அறியாதவர் குறைவு.

பார்க் வீதியும் அந்நாளில் பதினான்காம் வீதி எனப்பட்ட சாலையும் சந்திக்கும் மூலையில்தான் மக்னோலியா நிலையம் இருந்தது. பள்ளியின் முகப்பை அங்கிருந்து தெளிவாகக் காணலாம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த செய்தியாளர்களும் ஒளிப்படக்காரர்களும் நிலையத்தைத் தங்கள் தங்குமுகமாக்கிக்கொண்டமைக்கு அது மட்டும் காரணமன்று. அங்கு நாணயம் இட்டுப் பேசும் பொதுத் தொலைபேசி இருந்தது. இன்றைய மாணவர்க்கு இதன் பொருளை விளக்கியே ஆக வேண்டியுள்ளது. செய்தியாளர் கண்டதைத் தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்ல, அலுவலகத்தில் ஒருவர் அதனைத் தட்டச்சு செய்வார். மாலை நாளிதழின் அச்சு நேரத்துக்குள் செய்தி சென்று சேராவிடின் அன்றைய உழைப்பு வீண். பேசுவதற்கு ஓர் இணைப்புக் கிடைக்கும் இடமே ஒரு நிகழ்வு உலகறியும் நிகழ்வாவதற்கான வாயிலாக இருந்தது. ஒரு வீட்டில் தொலைபேசி இல்லாமையால் ஒரு சிறுமி தனித்து நின்றாள். தெருமூலையில் ஒரு தொலைபேசி இருந்தமையால் அவள் நின்ற நிலையை நாடறிந்தது. இவ்வளவு அண்மையில் இவ்விரண்டும் அமைந்தமையை நூல்கள் பெரும்பாலும் கவனியாது செல்கின்றன.

நீதிமன்ற ஆணையால் செப்டம்பர் 20இல் காவற்படை விலக்கப்பட்டது. 23ஆம் நாள் திங்கட்கிழமை காலை, ஏறத்தாழ ஆயிரம் பேர் பள்ளி முன் திரண்டனர். கறுப்பினச் செய்தியாளர் நால்வர் அவ்வழியே நடந்து வர, கூட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. மெம்ஃபிஸ் நகர இதழொன்றின் ஆசிரியரான எல். அலெக்ஸ் வில்சன் ஓட மறுத்து, நிமிர்ந்து நடந்தபடியே அடி வாங்கினார். கூட்டத்தின் கவனம் அங்கிருக்கையில் மாணவர் ஒன்பதின்மரும் பக்கவாயில் வழியே பள்ளிக்குள் சென்றனர். செய்தி பரவியதும் கலவரம் மிகுந்தது. நண்பகலுக்குள் காவலர் அவர்களை வெளியே கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ரெல்மன் மோரின், பள்ளிக்கு எதிரே ஒரு தொலைபேசிக் கூண்டில் நின்றவாறே கண்முன் நிகழ்ந்ததை வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அச்செய்திக்கு அவர் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். அதே ஆண்டு உள்ளூர் நாளிதழான ஆர்கன்சா கெசட், பொதுச்சேவைக்கும் தலையங்கத்துக்குமாக இரு புலிட்சர் பரிசுகளைப் பெற்றது.

மறுநாள் அதிபர் ஐசனாவர் மாநிலக் காவற்படையை நடுவணரசின் ஆணைக்குக் கீழ்க் கொண்டுவந்து, 101ஆம் வான்வழிப் படைப்பிரிவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். செப்டம்பர் 25ஆம் நாள் படைத்துணையுடன் ஒன்பதின்மரும் தலைவாயில் வழியே நுழைந்தனர். ஓராண்டு முழுதும் பள்ளிக்குள் அவர்கள் பட்ட துன்பம் வேறொரு கட்டுரைக்குரியது. எர்னஸ்ட் கிரீன் 1958 மே மாதம் பட்டம் பெற்றார். 1958-59 கல்வியாண்டில் நகரின் உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தையும் ஃபாபஸ் மூடிவிட்டார். ஒன்பது பேரைச் சேர்ப்பதைவிட ஆயிரக்கணக்கானோரின் கல்வியை நிறுத்துவது மேல் என எண்ணிய ஆட்சியை ஆசிரியர் சமூகம் மறவாதிருத்தல் வேண்டும்.

நிலையம் காட்சியகமான கதை

பள்ளி 1982இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பள்ளி தொடர்ந்து பள்ளியாகவே இயங்கி வந்தமையால் பார்வையாளரை உள்ளே விடுவது எளிதன்று. நிகழ்வை விளக்குவதற்கு வேறிடம் தேவைப்பட்டது. அப்பொழுதுதான் எதிர்மூலையில் இருந்த பழைய பெட்ரோல் நிலையம் நினைவுக்கு வந்தது. ஊர் மக்கள் அமைத்த குழு ஒன்று அதனைச் சீரமைத்து, நாற்பதாம் ஆண்டு நிறைவான 1997 செப்டம்பரில் காட்சியகமாகத் திறந்தது. அம்மாதம் 25ஆம் நாள், ஆர்கன்சாவிலிருந்து வந்த அதிபர் பில் கிளின்டன், நடுவயது கடந்துவிட்ட அந்த ஒன்பதின்மருக்கும் பள்ளியின் தலைவாயிற் கதவைத் தாமே பிடித்துத் திறந்துவிட்டார். 1998 நவம்பர் 6இல் கையெழுத்தான சட்டத்தின்வழி அவ்விடம் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. பாதுகாக்கப்பட்ட இடங்களுள் பெட்ரோல் நிலையமும் அடங்கும்.

சீரமைப்பில் எழும் ஒரு வினா, உள்ளூர் வரலாற்றில் ஈடுபடும் நம்மவர்க்கும் பொருந்துவது. ஒரு கட்டடத்தை எந்த ஆண்டின் தோற்றத்துக்கு மீட்பது? கட்டப்பட்ட காலத்துக்கா, சிறப்பு நிகழ்ந்த காலத்துக்கா, இறுதியாக வழங்கிய காலத்துக்கா? லிட்டில் ராக்கில் 1957ஆம் ஆண்டே தேர்ந்துகொள்ளப்பட்டது. அக்கால வடிவிலான எண்ணெய்ப் பொறிகளும் சிவப்புக் குதிரைச் சின்னமும் மீண்டும் இடம்பெற்றன. அம்முடிவு சரியே என்பது என் கருத்து. ஆனால், அதற்கொரு விலையும் உண்டு. ஒரே ஒரு மாதத்தின் வெளிச்சத்தில் நிறுத்தப்படும் கட்டடம், மற்ற ஆண்டுகளில் தான் கண்ட அன்றாட வாழ்வை இழந்துவிடுகிறது. காற்று நிரப்பிய சிறுவன், சில்லறை எண்ணிய பணியாளர், கணக்கெழுதிய உரிமையாளர் ஆகியோர் அக்காட்சியில் இல்லை. நம் கோயில்களைப் புதுப்பிக்கும்பொழுதும் பழைய தோட்டப் பள்ளிகளை இடமாற்றும்பொழுதும் இவ்வினாவை எவரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. புதுமைப்படுத்துவதே பாதுகாப்பு என எண்ணிக்கொள்கிறோம்.

நிலையத்தின் கட்டடம் மிகச் சிறியது. வருகையாளர் பெருகப் பெருக அது போதவில்லை. ஐம்பதாம் ஆண்டு நிறைவான 2007 செப்டம்பரில் அருகிலேயே புதிய வருகையாளர் மையம் ஒன்று திறக்கப்பட்டது. காட்சிப் பொருள்களும் ஒலிப்பதிவுகளும் அங்கு மாற்றப்பட்டன. பதினான்காம் வீதி இன்று டெய்சி பேட்ஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய நிலையம் 1957இன் தோற்றத்திலேயே பேணப்பட்டுக் கல்விச் செயற்பாடுகளுக்குப் பயன்பட்டு வருகிறது. எதிரே பள்ளி மணி ஒலிக்க, அனைத்து இன மாணவர்களும் அதன் முன்புறத்தைக் கடந்து வகுப்புக்குச் செல்கின்றனர்.